இடப்பக்கம் திரும்பாத மோட்டார் சைக்கிள்

தணிகை முருகன் துணை

திருத்தணி
18-6-1976

மரியாதைக்குரிய பரந்தாமன் பாவா அவர்களுக்கு, மச்சான் கோதண்டபாணி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் அம்சாவும் மகள் சந்திராவும் தறி இரண்டும் நலம். அவ்விடம் அக்கா நலமாயிருக்க வேண்டுகிறேன். உங்கள் நலத்தை வேண்ட இப்போது மனம் வரவில்லை.

காசி வரை போய் வந்த வண்டி என்று சொல்லி என் தலையில் கட்டினீர்களே அந்தப் பெரிய மோட்டார் சைக்கிள், அதனால் சந்திராவின் சம்பந்தமே நின்றுவிடும் போலிருக்கிறது. ஆக்சிலேட்டர் கேபிளும் முன் பிரேக் கேபிளும் ஹேண்டில் பக்கத்தில் தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தன. நான் தறிக்காரன். தறியில் பாவு நூல் தொய்ந்திருந்தால் எனக்குச் சோறு இறங்காது. ஹேண்டிலை நேராக வைத்து, இரண்டையும் விறைப்பாக இழுத்து, வண்டியின் கம்பியோடு நூலால் கட்டினேன். பார்க்க லட்சணமாக இருந்தது. ஆனால் இடப்பக்கம் திருப்பினால் இரண்டும் தாமாக இழுபடுகின்றன. ஒன்று ஓடு என்கிறது, மற்றது நில் என்கிறது. வலப்பக்கம் மட்டும் சமர்த்தாகப் போகிறது. விற்கும்போதே இதைச் சொல்ல வேண்டாமா பாவா?

நேற்று கனகம்மாசத்திரத்திலிருந்து மாப்பிள்ளையின் அப்பா தேசப்பன் நம் குடும்பத்தைப் பார்க்க வந்தார். அவரை நடக்க விடுவதா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தேன். நம்ம தெரு இடது கைப்பக்கம். லேசாத் திருப்பினா வண்டி உறுமிக்கினு திமிறுது. சம்பந்தி எதிர்ல எறங்கித் தள்ளினா மானம் போயிடும்னு நேரா வுட்டுட்டேன். முருகன் மலைய வலப்பக்கமாவே சுத்திக்கினு வந்தா மறுபடி அதே தெரு, அதே இடது பக்கம். அம்சா தெருமுனைல சொம்பும் கையுமா நின்னுகினு "எங்க போறீங்க?"ன்னு கத்துறா. மறுபடி மலை. மூணாவது சுத்துல பெட்ரோல் தீர்ந்து தெருமுனைல தானா நின்னுச்சி. அவரு எறங்கினாரு, கண்ணுல தண்ணி. "உள்ள வாங்க, காப்பி சாப்டலாம்"னேன். "வேணாங்க. இன்னிக்கி இதுவே போதும், மனசு நெறஞ்சிபோச்சி"ன்னுட்டு பஸ் ஏறிப் போயிட்டாரு. எப்படிக் குத்துறாரு பாருங்க! சந்திரா அந்தப் புள்ளைய மனசுல வச்சிகினுருக்குது பாவா.

ஆகவே இக்கடிதம் கண்டதும் ஸ்பானரோடு வந்து, கேபிளைப் பழையபடி தொங்கவிட்டு, கையோடு தேசப்பனிடம் போய்த் தப்பு உங்களுடையது என்று சொல்ல வேண்டியது. அக்காவுக்கு நமஸ்காரம். குழந்தைகளுக்கு எங்கள் ஆசிகள். உங்களுக்கு, நேரில்.

இப்படிக்கு,
வேதனையுடன்,
கோதண்டபாணி

பி.கு.: கவரை ஒட்டும்போது தேசப்பன் அனுப்பிய ஆள் வந்தார். வாசலை மிதிக்கும் முன்பே மலையை மூன்று முறை வலம் வரவைத்த பக்தியான குடும்பத்தை அவர் எங்கும் பார்த்ததில்லையாம். பெண் எடுத்தால் இங்கேதானாம். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை, அவர் அம்மா, பெரியப்பா மூவரும் வருகிறார்கள். ஒவ்வொருவரையும் அதேபோல் அழைத்து வர வேண்டுமாம். நீங்கள் வர வேண்டாம். ஸ்பானர் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். ஒரு கேன் பெட்ரோல் மட்டும் கொடுத்தனுப்பவும்.