குடை டாக்டரின் கை

மீனாட்சிபுரத்திலிருந்து வடகரப்பதி வரைக்கும் வெயிலுக்குப் பயப்படாத ஜனங்கள் அத்தனை பேரும் குடை டாக்டருக்குப் பயந்தார்கள். எழுபதுகளில் எங்கள் பக்கத்தில் போலீஸ் ஜீப்புக்குக்கூட அந்த மரியாதை கிடையாது.

அவர் டாக்டர் இல்லை. பொள்ளாச்சியில் ஏதோ மருந்துக்கடையில் இருந்தவர் என்பார்கள். வெயிலில் கருகிய முகம், கன்னத்து மங்கு, அகாலத்தில் விழுந்த சுருக்கம், இவற்றுக்கு மட்டும்தான் வைத்தியம். காய்ச்சல் என்று போனால் விரட்டிவிடுவார். முகத்தைப் பார்த்தே ஜாதகம் சொல்வார். "எடது கன்னந்தான் கருத்திருக்குது. காலைல தெக்க பாத்து வண்டியோட்டி, சாயங்காலம் வடக்க பாத்து வரீங்களாக்கு" என்பார். சரியாக இருக்கும்.

வருகிற பெண்களிடம் முழங்கைக்கு உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்வார். "இது உங்க வயசுங்க. மூஞ்சில இருக்கறது வெயிலோட வயசு." முப்பது வயதுக்காரி அதைக் கேட்டுக் கண் கலங்கி, அப்புறம் அவர் சொன்னதையெல்லாம் கேட்பாள்.

அவர் சொல்வது இரண்டே விஷயம். எலுமிச்சைச் சாறும் கஸ்தூரி மஞ்சளும் இன்னும் ஏதேதோவும் சேர்த்த பசையை விளக்கு வைத்த பிறகு போட்டு, விடியும் முன் கழுவிவிட வேண்டும். பகலில் குடை இல்லாமல் வெளியே வரக் கூடாது. பிடிக்கிறார்களா என்று சைக்கிளில் வந்து சோதனை வேறு போடுவார். எங்கள் கடலைக்காட்டில் பத்துப் பெண்கள் ஒரு கையில் குடையும் ஒரு கையில் களைக்கொத்துமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அப்பாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த அப்பாவின் மகனாகிய நான் அவரிடம் திருட்டுத்தனமாகப் போனேன். எனக்குப் பெண் பார்க்கப் பத்து நாள் இருந்தது. தலைப்பாகைக் கோட்டுக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். பெண் வீட்டார் எதைப் பார்த்துச் சம்மதிப்பார்கள்?

பசையைக் கொடுத்துவிட்டு நாற்பது நாள் ஆகும் என்றார். நாற்பது நாளை எப்படிப் பத்து நாளாக்குவது? பகலிலும் போட்டால் சீக்கிரம் வெளுக்கும் என்று நானே முடிவு செய்தேன். குடை பிடிக்கவும் கூச்சம், காட்டு ஆட்கள் சிரிப்பார்களே. கிணற்று மேட்டில் உச்சி வெயிலில் பசையோடு உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் இரண்டு கன்னமும் பணியாரமாகப் பொங்கிவிட்டன.

அம்மா அழுதாள். பெண் பார்ப்பது நின்றது. அப்பா என்னை இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். வாசலில் ஏழெட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள். என்னத்தைக் கொடுத்துப் பையனின் மூஞ்சியை வேகவைத்தீர் என்று அப்பா கத்தினார். டாக்டர் என் கன்னத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது.

"தம்பி, பகல்ல போட்டீங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

டாக்டர் அப்பாவிடம் திரும்பி, "அப்ப என்ற கைதான் பெசகிப்போச்சுங்க" என்றார்.

காத்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். மறுநாள் எங்கள் காட்டில் ஒரு குடையும் இல்லை. அப்பா சந்தோஷப்பட்டார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

யாரும் கூப்பிடாமலே அவர் தினமும் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். இளநீரில் துணியை நனைத்து என் கன்னத்தில் ஒற்றி எடுப்பார். அம்மா அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை. "எரியுதுங்களா?" என்பதைத் தவிர அவர் வேறெதுவும் கேட்டதில்லை. ஒரு மாதத்தில் தழும்பில்லாமல் ஆறிவிட்டது. அதற்குள் அவரைத் தேடி வர ஆளே இல்லாமல் போய், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குடிபோய்விட்டார். இருபது நிமிஷ பஸ் பயணம். நான் போகவில்லை.

பகலில்தான் போட்டேன் டாக்டரே. பொய் சொல்லிவிட்டு, அந்த மாதம் முழுக்க விடிந்ததும் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். உங்கள் கை பட்டால்தான் எனக்கு எரிச்சல் அடங்கும்.