பதினேழு வேர் பிடுங்கிய விவரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் உங்கள் மகளும் மாப்பிள்ளையும் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி குறைந்து, மாடிப்படி ஏறுவது பழையபடி ஆகியிருக்கும் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் நடுவில் ஒரு கேள்வி கேட்பீர்கள், நான் உளறுவேன். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது என்பதால் கடிதம்.

விஷயம் இதுதான். கல்யாணத்தன்று உங்கள் மகள் கையில் நீங்கள் கொடுத்தனுப்பிய ஆர்க்கிட் செடி சாகக் கிடக்கிறது. காரணம் நான். மறைந்த சம்பந்தி அம்மா பதினோரு வருடம் ஜன்னலோரம் வைத்து வளர்த்த தாய்ச் செடியின் குட்டி அது என்பதும், தாய் உங்களிடமும் குட்டி உங்கள் மகளிடமும் இருக்கட்டும் என்று அந்த அம்மா சொல்லிவிட்டுப் போனதும் எனக்குத் தெரியாதது அல்ல. தெரிந்தும் இப்படி ஆகிவிட்டது. பழி முழுவதும் என் தலையிலேயே இருக்கட்டும். மற்றவர்கள் செய்ததை மட்டும் கீழே எழுதுகிறேன்.

தேர்வுத்துறையில் முப்பது வருடம் வினாத்தாள் தயாரித்தவர் நீங்கள். செடியோடு நாலு பக்கக் குறிப்பும் கொடுத்தீர்கள். அதில் சிவப்பு மையில் இரண்டு முறை அடிக்கோடிட்டு, 'வாரம் ஒரு முறை, ஒரு தம்ளர்' என்று எழுதியிருந்தீர்கள். யார் ஊற்ற வேண்டும் என்று மட்டும் எழுதவில்லை. குறை சொல்வதாக நினைக்காதீர்கள், குறைதான் சொல்கிறேன். ஞாயிறு காலை நடைப்பயிற்சி முடித்து வந்து நான் ஒரு தம்ளர் ஊற்றினேன். நான் மறந்திருப்பேன் என்று என் மனைவி மத்தியானம் ஒரு தம்ளர். நாங்கள் இருவருமே மறந்திருப்போம் என்று உங்கள் மாப்பிள்ளை திங்கள்கிழமை ஆபீஸ் கிளம்பும்போது ஒரு தம்ளர், அதுவும் வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஷூ போட்ட காலோடு. உங்கள் மகள் புதன்கிழமை. வீடு துடைக்க வரும் அம்மா, செடி தனியாக நிற்கிறதே என்று இரக்கப்பட்டு, தினமும் தான் குடித்த பாட்டிலின் மிச்சத்தை. ஒருத்தர் ஊற்றியது இன்னொருத்தருக்குத் தெரியாது. எல்லாருக்கும் உங்கள் மேல் அவ்வளவு பயம்.

இரண்டு மாதம் முன்னால் இலைகள் தொங்க ஆரம்பித்தன. தொட்டுப் பார்த்தால் தொளதொளவென்று, மேலெல்லாம் சுருக்கம். நாற்பது வருடம் பல் வைத்தியம் பார்த்தவன் நான், வாயைத் திறக்காத நோயாளியைப் பார்த்ததில்லை. ஆனாலும் பார்த்த மாத்திரத்தில், "தண்ணி பத்தல"ன்னு தீர்ப்புச் சொல்லிட்டேன். மற்றவர்களும் அவரவர் மனதுக்குள் அதே தீர்ப்பைச் சொல்லிக்கொண்டு ஆளுக்கு இன்னொரு தம்ளர் கூட்டிவிட்டார்கள்.

அப்புறமும் தேறாமல் போகவே, கடைத்தெருக் கோடியில் இருக்கும் நர்சரிக்காரரிடம் செடியை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அவர் தொட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். இலையைக்கூடப் பார்க்கவில்லை.

"சார், வீட்ல எத்தனை பேரு?"

"நாலு பேரு. ஏன்?"

"நாலு பேரும் ஊத்துறீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "நான் மட்டும்தான் ஊத்துறேன். ஏன் கேக்குறீங்க?"

"கனக்குதே சார். இது தாகத்துல சாகல, தண்ணியில சாகுது. வேர் அழுகிப்போச்சு, உறிஞ்ச வேர் இல்ல, அதான் இலை வாடுது. நீங்க வாட்டத்தப் பாத்து இன்னும் ஊத்தியிருப்பீங்க."

நாலு பேர் இல்லை, ஐந்து பேர் என்பது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது, அதை நான் அவரிடம் போய்ச் சொல்லவில்லை. மானம் போகிற விஷயம்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் பேப்பர் விரித்து, என் பழைய கருவிப்பெட்டியை எடுத்தேன். இடுக்கி, கத்தரி, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடி எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டெடுத்தேன். செடியைத் தொட்டியிலிருந்து உருவி, மொத்தம் இருபத்திரண்டு வேரையும் ஒன்றொன்றாக அழுத்திப் பார்த்தேன். கெட்டியாக, வெளிறிய பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகி, அழுத்தினால் நசுங்கி நூல் மட்டும் மிஞ்சினால் போய்விட்டது. பதினேழு போயிருந்தது. ஒரே நோயாளிக்கு ஒரே அமர்வில் பதினேழு பிடுங்கியது என் அனுபவத்திலேயே கிடையாது. என் மனைவி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "உங்க கையில மாட்டினா எதுதான் மிஞ்சும்? அஞ்சாச்சும் மிஞ்சுச்சே"ன்னாங்க. வெட்டின வாயில லவங்கப்பட்டைத் தூள் தடவி, ஈரத்தைப் பிடித்து வைக்காத மரப்பட்டைத் துண்டுகளில் நட்டு, உள்ளே தெரிகிற மாதிரி பிளாஸ்டிக் தொட்டியும் வாங்கியாச்சு. பூத்து முடிந்த தண்டையும் கையோடு வெட்டப் போனேன். "வேணாம் மாமா, பாதி இன்னும் பச்சையா இருக்கு"ன்னு உங்க மகள் கையைப் பிடிச்சிட்டா. சரின்னு விட்டேன்.

அன்று மேஜையைச் சுற்றி உட்கார வைத்து விசாரித்தபோதுதான் ஐந்து பேர் குட்டும் வெளிப்பட்டது. இப்போது செடிப் பக்கம் போக எனக்கு மட்டுமே அனுமதி. வீடு துடைக்கும் அம்மாவுக்குக் கோபம், பாட்டிலை மூடிக்கொண்டு அந்த அறையைத் தாண்டிப் போகிறார்.

இதோடு போயிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். ஞாயிறுதோறும் நீங்கள் தாய்ச் செடியைப் படம் பிடித்து அனுப்பி, 'அங்கே எப்படி?' என்று கேட்கிறீர்கள் அல்லவா? நாலு வாரமாக உங்கள் மகள் அனுப்பும் பதில் படங்கள் பழையவை. செடி நன்றாக இருந்த ஒருநாள் ஐந்து படம் எடுத்து வைத்திருந்தாள். நாலு தீர்ந்துவிட்டது. நீங்கள் வேறு அடுத்த மாதத்து முதல் ஞாயிறன்று நேரில் வருவதாகச் சொல்லிவிட்டீர்கள். அன்றிலிருந்து அந்தப் பெண் சரியாகச் சாப்பிடுவதில்லை. "அப்பா திட்டுவாரேன்னா பயப்படுற?" என்று கேட்டேன். "திட்டினா தேவலையே மாமா. ஒண்ணும் சொல்ல மாட்டார். அம்மாவை ரெண்டாவது தடவை தொலைச்சிட்டேன்னு மனசுக்குள்ள வச்சுப்பார்"னு சொல்லிட்டு எழுந்து போயிட்டா.

ஆகவே, ஐயா, நீங்கள் வரும்போது கோபத்தை வாசலிலேயே என்னிடம் கொடுத்துவிடுங்கள். பல் பிடுங்கி எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கிப் பழகிய உடம்பு. அவளிடம் ஒரு வார்த்தை நல்லதாகப் பேசினால் போதும். நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள் முழங்காலுக்கும் மனதுக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும் என்று வேண்டிக்கொண்டு,

என்றும் தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன், நீங்கள் அனுப்பிய படங்களை வைத்துச் செடி எப்படி இருக்க வேண்டும் என்று கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். எக்ஸ்ரே பார்த்துப் பழகிய கண், சும்மா இருக்கவில்லை. உங்கள் செடியில் ஏழு பூவும் பாதி விரிந்த ஒரு மொட்டும் இருக்கின்றன. நாலு வாரமாகக் கோணம்தான் மாறுகிறது, அந்த மொட்டு விரியவே இல்லை. போன ஞாயிறு படத்தில் ஜன்னல் கண்ணாடியில் படம் எடுப்பவர் உருவம் தெரிகிறது. அது நீங்கள் இல்லை. உங்கள் கூடத்தில் மாலையோடு மாட்டியிருக்கும் சம்பந்தி அம்மா படத்தில் நான் பார்த்த அதே கொண்டை, அதே மூக்குக்கண்ணாடி. சம்பந்தி, தாய்ச் செடி எப்போது போயிற்று? மகளிடம் எப்படிச் சொல்வது என்று இத்தனை நாள் தனியாக வைத்துக்கொண்டிருந்தீர்களா? மேலே எழுதிய மன்னிப்பெல்லாம் அப்படியே நிற்க, நாங்கள் யாரும் உங்களைத் திட்டப் போவதில்லை. அவளிடம் நீங்களே வந்து சொல்லுங்கள், அவளும் சொல்லிவிடுவாள். நான் வெட்டப் போன அந்தத் தண்டில் நேற்றுப் பார்த்தால் ஒரு குட்டி விட்டிருக்கிறது. நகத்தளவு இரண்டு இலை. வேர் மூன்று விரற்கடை நீளம் வரும்வரை தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று உங்கள் குறிப்பில் சிவப்பு மையில் இருக்கிறது, ஆறேழு மாதம் ஆகும். அது உங்களுக்குத்தான். வரும்போது காலித் தொட்டி ஒன்று கொண்டு வாருங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள்.