நெத்தோலிக்கு அளவெடுத்த அண்ணாச்சி

தான் செய்தது தப்பு என்று வாழ்நாளில் ஒரு தடவைகூட ஒத்துக்கொள்ளாத மனிதர் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவரிடம் நான் நான்கு வருஷம் வேலை பார்த்தேன். வடசேரியில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இரண்டு கம்ப்யூட்டர். ஊறுகாய், அப்பளம், தேங்காயெண்ணெய் என்று சகலத்துக்கும் லேபிள் வடிவமைத்து, அச்சடிக்க சிடியில் சிவகாசிக்கு அனுப்பும் தொழில். அவருக்கும் அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் ஊருக்கு அவர் மூணு எம்.எம். அண்ணாச்சி.

லேபிளை வெட்டும்போது கத்தி கொஞ்சம் விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழுந்துவிடும். அதற்காக வெட்டுக்கோட்டுக்கு வெளியே மூன்று மில்லிமீட்டர் நிறத்தை நீட்டி வைப்பார்கள். தொழிலில் எல்லோரும் செய்வதுதான். அண்ணாச்சி அதை வாழ்க்கைக்கும் நீட்டிவிட்டார். முடிவெட்டுகிறவரிடம் காதோரம் மூணு எம்.எம். விடச் சொல்வார். ஒரு கல்யாண வீட்டில் அவியல் வைக்க வந்தவரிடம், இலை விளிம்பிலிருந்து மூணு எம்.எம். தள்ளி வைக்கச் சொன்னதை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

ஒருமுறை திற்பரப்பு அருவிக்குக் குளிக்கப் போனோம். நாங்களெல்லாம் தண்ணீருக்குள் நிற்க, அவர் மட்டும் பாறை பாறையாகக் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். காசு கிடக்கிறதோ என்று ஓடினேன். ஜனங்கள் போட்டுவிட்டுப் போன ஷாம்பு பாக்கெட்டுகள். சிவப்பு நிறம் அரை எம்.எம். விலகி அச்சாகியிருக்கிறதாம். குளிக்காமலே ஒரு பை நிறைய குப்பையோடு வீடு திரும்பினார்.

எழுத்து விஷயத்தில் இன்னும் மோசம். நம்முடைய தமிழ் எழுத்துரு சிவகாசி கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்து நிற்கும். அதனால் கடைசியில் எழுத்துகளைப் படமாக மாற்றிவிடுவோம். அதற்கு முன் ஒரு பிரிண்ட் எடுத்து, வாடிக்கையாளரிடம் நான்கு மூலையிலும் கையெழுத்து வாங்கிக்கொள்வார் அண்ணாச்சி. பிறகு பிரம்மாவே வந்து கேட்டாலும் ஒரு புள்ளியை மாற்ற மாட்டார்.

ஸ்டெல்லா அக்காவும் அப்படிக் கையெழுத்துப் போட்டவர்தான். குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரர். தலைச்சுமையாக மீன் விற்பதை விட்டுவிட்டு நெத்தோலி என்கிற நெத்திலி மீனில் ஊறுகாய் போட ஆரம்பித்திருந்தார். துபாயில் ஒரு கடைக்காரர், லேபிள் ஒட்டி ஒழுங்காக வந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். அக்காவின் தம்பி அடுத்த ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுகிறார். அவரோடு நாற்பது பாட்டில் போயாக வேண்டும். போகாவிட்டால் திரும்பவும் மீன்கூடைதான்.

சிடி சிவகாசிக்குப் போன மறுநாள் அக்கா கடைக்கு வந்து, கம்ப்யூட்டரில் லேபிளைக் கலரில் பார்த்தார். பார்த்தவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“அண்ணாச்சி, இது நெத்தோலி இல்ல. சாளை.”

அண்ணாச்சி சுத்த சைவம். முட்டை விற்கும் கடையில் தீப்பெட்டிகூட வாங்காதவர். சாளையோ நெத்தோலியோ, மீன் என்றால் மீன்தானே, அதில் என்ன வித்தியாசம் என்றார். நான்கு கையெழுத்தையும் எடுத்துக் காட்டினார். அன்றைக்குப் பார்த்த கறுப்புவெள்ளைப் பிரிண்டில் மை அப்பியதுபோல ஏதோ கிடந்தது, மீன்தான் என்று நம்பிப் போட்டேன் என்றார் அக்கா.

“இத ஒட்டி அனுப்புனா அங்க உள்ள எங்க ஆளுவ கையால தொட மாட்டாவ அண்ணாச்சி. சாம்பாரும் ரசமும் ஒண்ணுன்னு சொன்னா நீங்க ஒத்துக்கிடுவியளா?”

அண்ணாச்சி கையெழுத்துப் போட்ட அந்தப் பிரிண்டை மடித்து மேஜைக்குள் போட்டார். அவர் ஒரு வாதத்தைப் பாதியில் விட்டதை நான் அதுவரை பார்த்ததில்லை. அக்கா போனதும் சிவகாசிக்குப் போன் போட்டு, அச்சுக்குப் பிளேட் போட வேண்டாம் என்றார். என்னிடம், விடியற்காலையில் கேமராவோடு குளச்சலுக்கு வா என்றார்.

கடற்கரையில் அவரைப் பார்த்திருக்க வேண்டும். மூக்கைச் சுற்றிக் கைக்குட்டை. மணலில் ஒரு வெள்ளைத்தாள். அதன்மேல் ஒரு நெத்தோலி. பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேல். தலை எத்தனை எம்.எம்., வால் எத்தனை எம்.எம். என்று கைக்குட்டைக்குள்ளிருந்தே சொல்லிக்கொண்டே வந்தார், நான் எழுதிக்கொண்டேன். மீன் வாங்க வந்த பெண்கள் கூடிவிட்டார்கள்.

“மீனுக்கு அளவெடுக்கியளே, சட்டையா தைக்கப் போறிய?” என்றார் ஒரு பெண்மணி.

மத்தியானத்துக்குள் லேபிளில் சாளை போய் நெத்தோலி வந்தது. பஸ்ஸில் சிடியை அனுப்ப அவருக்கு மனசில்லை. தானே கொண்டுபோனார். அச்சாகி முடிகிற வரை இரண்டு நாள் மிஷின் பக்கத்திலேயே நின்று, சனிக்கிழமை காலை தோளில் லேபிள் கட்டோடு வந்து இறங்கினார். சவரம் செய்யாத முகம், சட்டையெல்லாம் மை. கடையில் காத்திருந்த அக்கா ஒரு லேபிளை உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இதாக்கும் நெத்தோலி.”

மன்னிப்பெல்லாம் அண்ணாச்சி கேட்கவில்லை. ஓரம் சரியாக வெட்டியிருக்கிறார்களா பார் என்று மட்டும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நாற்பது பாட்டிலும் விமானம் ஏறின. பத்து நாளில் இன்னும் வேண்டும் என்று தகவல் வந்தது.

அதைச் சொல்ல வந்த அக்கா, அண்ணாச்சிக்கென்று மீன் படாத தனிப் பாத்திரத்தில் நாரத்தங்காய் ஊறுகாய் போட்டு, புதுப் பாட்டிலில் கொண்டுவந்தார். பாட்டில் மொட்டையாக இருக்கக் கூடாதென்று தன் லேபிளையும் ஒட்டியிருந்தார். சைவக்காரர் மேஜையில் நெத்தோலி பாட்டில் இருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், லேபிளைக் கிழித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

“அவ ஒட்டித் தந்ததுடே. அப்படியே இருக்கட்டும்.”

தினமும் மத்தியானம் தயிர்ச்சோற்றுக்குப் பக்கத்தில், மீன் படம் வாசலைப் பார்க்க அந்தப் பாட்டில் உட்கார்ந்திருக்கும். பக்கத்துக் கடைக்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்து, “என்ன அண்ணாச்சி, மீன் திங்க ஆரம்பிச்சாச்சா?” என்றார். அரை எம்.எம்.முக்காக அந்தி வரை வாதாடுகிற மனிதர் சோற்றைப் பிசைந்துகொண்டே, “ஆமா” என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.