தண்ணீர்த் தொட்டிக்குக் குடிவந்த மலைத்தேனீக்கள்

தேன்பாறைப்பட்டி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மச்சான் அமல்ராஜ் அவர்களுக்கு,

மாதாவின் தயவால் இங்கே உங்கள் தங்கை டயானாவும் நானும் சுகம். என் இடது கண் மட்டும் வீங்கி மூடிக்கிடக்கிறது. வரி கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளவும். அங்கே தாங்களும் தங்கள் ஜேசிபி மூன்றும் நலமா?

நம் தேன்பாறை மலைமேல் வியூ பாயிண்டுக்குத் தாங்கள் கான்ட்ராக்ட் எடுத்துப் போட்ட ரோடு அருமை. உச்சியில் சிலுவை நிற்கும் குருசடிக்கு பைக்கிலேயே போய்விடலாம் என்ற ஆசையில் ஊரெல்லாம் கையெழுத்து வாங்கி மனுப் போட்டவனே நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வளைவுக்காக ஒரு பாறையை வெடி வைத்துத் தகர்த்தீர்களே, அதன் அடியில்தான் மலைத்தேனீக்கள் கூடு கட்டியிருந்தன. வீடு போனதும் அவை உயரமாக, நிழலாக, ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகத் தேடியிருக்கின்றன. ஊரில் அப்படி இருப்பது நான் ஆபரேட்டராக இருக்கும் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். அதன் அடியில் இப்போது பதினோரு கூடுகள், ஒவ்வொன்றும் முறம் அகலம். என் ஏணி அவற்றின் நடுவில் போகிறது.

மாதம் இரண்டு தடவை ஏறித் தொட்டியைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். ஆறு வாரமாக ஏறவில்லை. “ஏப்பா இருதயம், தண்ணி லேசா இனிக்குது, இப்படியே விட்டுரு” என்று பக்கத்து வீட்டு மருதாயி அக்கா கேலி செய்கிறார். சனிக்கிழமை ஆபீசர் வந்து தொட்டியைப் பார்க்கப் போகிறாராம். அழுக்காக இருந்தால் பத்தொன்பது வருஷத்து வேலை போய்விடும் மச்சான். எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் நேற்று நானே துணிந்து, ஹெல்மெட், ரெயின்கோட், அதன்மேல் கொசுவலை, கையில் வேப்பிலைப் புகைச்சட்டி என்று கிளம்பினேன். “இந்தக் கோலத்துல போனீங்கன்னா அதுக சிரிச்சே செத்துரும்ங்க” என்றாள் டயானா. அவை சிரிக்கவில்லை. ஏழாவது படியில் கொசுவலை ஆணியில் மாட்டிக் கிழிந்தது, சட்டி விழுந்தது, நானும் விழுந்தேன், எழுந்து ஓடினேன். தேனீ துரத்தினால் தண்ணீரில் முங்க வேண்டும் என்பது பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். நேரே ஊருணிக்கு ஓடிக் கரையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு குதித்தேன். மலையில் உடைத்த கல்லையும் மண்ணையும் கொட்டித் தாங்கள் அந்த ஊருணியைக் கார் பார்க்கிங் ஆக்கிவிட்டது அந்த அவசரத்தில் ஞாபகம் வரவில்லை. திருச்சிக் குடும்பம் ஒன்றின் கார்மேல் விழுந்தேன். ரோட்டுக்காக மலைச்சுனையைத் தாங்கள் மூடிய பிறகு ஊருக்குள் இறங்கிவிட்ட குரங்குகள் இரண்டு ஏற்கெனவே அந்தக் கார்மேல் உட்கார்ந்திருந்தன. கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தன. காருக்குள் இருந்தவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எங்கள் மூவரையும் வீடியோ எடுத்தார்கள்.

ஆகவே மச்சான், பாறையை உடைத்தவர் தாங்கள். தீப்பந்தம் பிடித்துக் கூட்டை எரிக்கிற ஆட்களை வெள்ளிக்கிழமைக்குள் தாங்களே அனுப்பிவைக்க வேண்டும். ஒரு தேனீகூட மிஞ்சக் கூடாது, இரக்கமே வேண்டாம்.

ரஞ்சிதா அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. தாங்கள் போட்ட ரோடுகளையெல்லாம் ஆண்டவர் மழையிலிருந்து காப்பாற்றுவாராக.

இப்படிக்கு,
ஒற்றைக் கண்ணோடு,
இருதயநாதன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் தங்கள் ஆட்கள் ஆறு பேர் வந்துவிட்டார்கள். கூட்டை எரிக்க இல்லையாம். தேன்பாறையில் மிச்சமிருப்பதையும் உடைத்து இரண்டாவது ரோடு போடவாம். பாறையைத் துளைக்கும் கம்ப்ரஸர் வண்டியைத் தொட்டிக்குக் கீழே நிறுத்திச் சோதித்துப் பார்த்தார்கள். அந்தச் சத்தத்துக்குப் பதினோரு கூடும் மொத்தமாக அவர்கள்மேல் இறங்கியது. “இனி இந்த ஊருப் பக்கமே வரமாட்டோம்ங்க” என்று கத்திக்கொண்டே ஆறு பேரும் வண்டியைத் திருப்பிக் குளத்தூர்ப் பக்கம் பறந்துவிட்டார்கள். தாங்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மனு எழுதிய கையை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது. பிளீச்சிங்கைக் கீழேயே தண்ணீரில் கரைத்து மோட்டாரில் ஏற்றலாமே என்கிறாள் டயானா. ஆறு வாரமாக எனக்கு அது தோன்றவில்லை. எரிக்கும் ஆட்களை அனுப்ப வேண்டாம், வந்தால் விடமாட்டேன். சனிக்கிழமை ஆபீசர் வரட்டும். ஏணியைக் காட்டி, “நீங்க முன்னாடி ஏறுங்க சார்” என்று சொல்லப் போகிறேன்.