தாய்மாமன் பெயரைப் போடவேண்டாம்

கொலோன்,
10.06.2007, ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்புக்குரிய யோகலிங்கம் அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் கனகலிங்கம் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் கமலநாயகி அக்காவும் மருமகள் தக்சாயினியும் லண்டனில் ஒரு குறையுமில்லாமல் இருக்க இங்குள்ள பிள்ளையாரிடம் நேர்ந்துகொண்டுதான் பேனையை எடுத்தேன். இவ்விடத்தில் நானும் புஸ்பவதியும் உயிரோடு உள்ளோம். எனக்கு நெற்றியிலும் மூக்கிலும் கழுத்திலும் தோல் உரிகிறது. காரணம் கீழே வரும்.

சென்ற கிழமை தாங்கள் தொலைபேசியில், வருகிற வருடம் ஆவணியில் நடைபெறவிருக்கும் தக்சாயினியின் திருமண அழைப்பிதழில் தாய்மாமன் என்ற இடத்தில் என் பெயரைப் போடலாமா, நான் வருவது நிச்சயமா என்று கேட்டிருந்தீர்கள். பதினான்கு மாதத்துக்கு முன்பே அழைப்பிதழ் எழுதத் தொடங்கிய தங்கள் முன்யோசனையை மெச்சுகிறேன். ஆனால் என் பெயரைப் போடவேண்டாம். அக்காவின் ஒன்றுவிட்ட தம்பி தம்பித்துரையின் பெயரைப் போடவும். அவருக்குப் பிரிட்டிஷ் பாஸ்போட் இருக்கிறது, பட்டுவேட்டியும் இருக்கிறது. கூடப் பிறந்த ஒரே தம்பி உயிரோடை இருக்கேக்கை, ஒன்றுவிட்டவன் போய் மணவறையிலை நிக்கப்போறான்.

விசயம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். என்ரை நீல அகதிப் புத்தகத்தைக் காட்டி லண்டனுக்கு விசா கேட்டு ரெண்டு தரம் திரும்பி வந்தது. ஜேர்மன் பாஸ்போட் எடுத்தால்தான் வழி. பாஸ்போட்டுக்கு அன்ராக், அதுதான் விண்ணப்பம், போடவேணும், அன்ராக்கோடை நிரந்தர வேலைக் கடிதம் வைக்கவேணும், என்ரை முதலாளி புறூக்மன் எண்டால் மூண்டு வருசமா எனக்கு வருசத்துக்கு ஒரு கடிதமாத் தாறார், தோட்டத்துக்குத் தண்ணி விடுறமாதிரி. இந்தக் கடிதம் ஆனி முப்பதோடை முடியுது. அவர் தளபாடக் கடை வைச்சிருக்கிறவர், நான் அவரின்ரை களஞ்சியத்திலை சோபா ஏத்தி இறக்கிறன். நிரந்தரமாக்கச் சொல்லிக் கேட்டதுக்கு "யோசிக்கிறன்" எண்டவர். அந்த மனிசன் வியாழக்கிழமை களஞ்சியத்துக்கு வந்து, "கனா, சனிக்கிழமை மனிசியோடை பேஸ்போல் மட்ச் பாக்க வா, வி.ஐ.பி. இடம்" எண்டார். நான் உடனை "ஓம், எத்தினை மணிக்குத் தொடங்குது?" எண்டு கேட்டன். பெண் குடுக்க முந்தி மாப்பிள்ளையை ஒருக்கால் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பாக்கிறேல்லையே, அதுதான் இது எண்டு எனக்கு விளங்கிப்போச்சு.

வி.ஐ.பி. எண்டவுடனை நீங்கள் கண்ணாடி அறை, குளிர்சாதனம், கோட் போட்ட பரிசாரகன் எண்டு நினைப்பியள். நானும் அப்பிடித்தான் நினைச்சன், வெள்ளிக்கிழமை பின்னேரம் வரைக்கும். அண்டைக்குத்தான் முதலாளி எட்டுத் தோல் கதிரையை லொறியிலை ஏத்தச் சொன்னார். ஏத்தினது நான், ஓட்டினது நான், நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலை ஒரு புல்வெளியிலை கொண்டுபோய் வரிசையா இறக்கி, முன்னுக்குச் சிவப்புக் கயிறு கட்டினதும் நான். முதலாளிதான் அந்தக் கழகத்துக்குப் பணம் குடுக்கிறவராம், இது கடைக்கு விளம்பரமாம். சனிக்கிழமை சேட்டுப் போட்டுக் கழுத்திலை ரை கட்டிக்கொண்டு போனால், வாசல்லை ஒரு பெட்டை ஆசுப்பத்திரியிலை கட்டிற மாதிரிக் கையிலை ஒரு பட்டியைக் கட்டி, "உங்கடை இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன்" எண்டாள். பிள்ளை, அந்த இடத்தை நான்தான் நேற்று முதுகிலை சுமந்தனான் எண்டு சொல்ல வாயிலை வந்திது, ஆனால் கைப்பட்டியோடை அவளுக்குப் பின்னாலை நடந்தன்.

மைதானத்திலை மொத்தமா நூற்றைம்பது சனம், ரெண்டு நாய். காசு குடுத்து வந்த சனமெல்லாம் மரத்துக்குக் கீழை வாங்கிலை நிழலா இருக்குது. நாங்கள் எட்டு வி.ஐ.பி.யும் முப்பத்தொரு பாகை வெயிலிலை, கறுப்புத் தோல் கதிரையிலை. கூடாரம் வரவேண்டியதாம், வரேல்லையாம். முதலாளி வந்து கதிரையளின்ரை பிளாஸ்ரிக் உறையைக் கழட்டச் சொன்னார். புஸ்பவதி விடமாட்டன் எண்டிட்டாள். "எங்கடை வீட்டுச் சோபாவிலையே ஏழு வருசமாக் கழட்டேல்லை, பிறத்தியாற்றை சாமானிலை கழட்டுறதே? நாளைக்கு ஒரு கறை பட்டால் உங்கடை வேலை போகும்" எண்டாள். அவள் சேலையோடை பிளாஸ்ரிக்கிலை இருந்து வேர்த்து ஒட்டிப்போய், ஒவ்வொருக்கால் அசையேக்கையும் ஒரு சத்தம் வந்திது, அதைப் பற்றி மேற்கொண்டு எழுதமாட்டன். முதலாளியின்ரை மனிசி ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பி என்னைப் பாத்தா.

ஆனால் உண்மையைச் சொல்லவேணும் அத்தான், கதிரை கதிரைதான். பக்கத்திலை ஒரு பிடி, அதை இழுத்தால் கால் தானா மேலை போகும். மூண்டு வருசமா அதைத் தூக்கினன், ஒரு நாளும் இருந்து பாக்கேல்லை. இருந்தாப்போலை எனக்கு ஒரு திமிர் வந்திட்டுது, நானும் காலை நீட்டிக்கொண்டு கைப்பிடியிலை தாளம் போட்டன்.

பிறகு சாப்பாடு. பாண் துண்டுக்கு மேலை சிவப்பா அரைச்சு வைச்சு வெங்காயம் தூவியிருந்துது. ஆகா, வெள்ளையள் எங்களுக்காகச் சம்பல் செய்திருக்கினம் எண்டு ஒரு கடி கடிச்சன். குளிர்ந்து, வழுவழுவெண்டு, உப்பு. முதலாளி என்ரை வாயையே பாத்துக்கொண்டு நிக்கிறார். "சூப்பர்" எண்டன். இன்னும் ரெண்டு வைச்சார், அதையும் விழுங்கினன். வீட்டை வந்தாப் பிறகுதான் தெரியும், அது பச்சைப் பண்டி இறைச்சி. அவிக்காதது, பொரிக்காதது, பச்சை. என்ரை வயித்தை நான் இனி நம்பமாட்டன்.

மூண்டு மணித்தியாலம் போச்சு. ஒருத்தன் எறியிறான், ஒருத்தன் வீசிறான், படேல்லை, எல்லாரும் கைதட்டுகினம். கடைசியா மட்ச் முடிஞ்சு எங்கடை ஆக்கள் வெண்டினம். நான் எழும்பி ரையைச் சரிசெய்து எல்லாருக்கும் கைகுடுத்து, "மிக்க நன்றி, போட்டு வாறம்" எண்டு புஸ்பவதியையும் கதிரையிலை இருந்து உரிச்செடுத்து வெளிக்கிட்டால், முதலாளி சிரிக்கிறார். ஒரு நாளைக்கு ரெண்டு மட்சாம்! அதே ரெண்டு அணி, அதே இடம், திரும்ப முதலிலை இருந்து. உதென்ன கோதாரி விளையாட்டு அத்தான், ஒருக்கால் வெண்டது காணாதே?

அந்த இடைவேளையிலைதான் உங்கடை தங்கச்சி மாதிரி இருக்கிற என்ரை பத்தினி எங்கடை தலையிலை மண்ணைப் போட்டவள். வெறுங்கையோடை ஒரு இடத்துக்குப் போறதே எண்டு விடிய நாலு மணிக்கு எழும்பி அறுவது மட்டன் ரோல்ஸ் உருட்டி, செத்தல் மிளகாய் இடிச்ச கட்டைச்சம்பல் ஒரு போத்தலும் கொண்டு வந்தவள். பாவம் பெடியள், ஓடிக் களைச்சு நிக்கிதுகள் எண்டு விளையாட்டுக்காரருக்குப் பரிமாறினாள். எங்கடை அணியிலை பந்து எறியிற பெடியன் மட்டும் ஏழு ரோல்ஸ், சம்பலிலை தோய்ச்சுத் தோய்ச்சு. விரலைச் சூப்பினான், நெற்றி வேர்வையைத் துடைச்சான், அதோடை கண்ணையும் கசக்கினான். அடுத்த அரை மணித்தியாலம் அவன் எங்கை எறியிறான் எண்டு அவனுக்கே தெரியாது. மற்றப் பக்கத்துக்கு நாலு ஓட்டம் சும்மா போச்சு. முதலாளி "அவனுக்கு என்ன நடந்தது?" எண்டு கேக்கிறார், புஸ்பவதி போத்தலைக் கைப்பைக்குள்ளை ஒளிக்கிறாள்.

எண்டாலும் பெடியள் விடேல்லை. கடைசிக் கட்டத்திலை ஒரே ஒரு ஓட்டம்தான் குறைவு, எங்கடை ஆக்கள் ரெண்டு பேர் ஓட்டத்துக்கு ஆயத்தமா நிக்கினம், ரெண்டு பேரும் வந்து சேந்தால் வெற்றி. ஒரு நெட்டைப் பெடியன் ஓங்கி ஒரு அடி. பந்து புல்லிலை உருண்டு உருண்டு நேரா எங்கடை சிவப்புக் கயிற்றுக்கு வருது. அத்தான், நீங்களே சொல்லுங்கோ. கிரிக்கெட்டிலை கயிற்றைத் தொட்டால் நாலு, பந்து அதோடை செத்துப்போச்சு. அதை எடுத்து எறிஞ்சு குடுக்கிறது பாக்க வந்தவன்ரை மரியாதை. யாழ்ப்பாணத்திலை எத்தினை வருசம் நான் எல்லைக்கோட்டிலை நிண்டு பந்து மறிச்சனான்! கை தானா நீண்டிது. கதிரையாலை பாய்ஞ்சு, ஒரு கையாலை அள்ளி, நேரா விக்கெட் கீப்பரிட்டை விட்டன் ஒரு எறி. நிலத்திலை படேல்லை. டொக் எண்டு அவன்ரை கையுறைக்குள்ளை போய் இருந்திது. ஐம்பத்தாறு வயசிலை! நான் கையைத் தட்டித் தூசி துடைச்சுப்போட்டுக் கைதட்டலுக்குத் திரும்பினன்.

ஒருத்தரும் தட்டேல்லை. நாய் கூடக் குலைக்கேல்லை. அவையின்ரை சட்டத்திலை பந்து கயிற்றடிக்கு வந்தாலும் உயிரோடையாம், பாக்க வந்தவன் தொடக்கூடாதாம். கறுப்புச் சட்டை நடுவர் வந்து என்னையும் என்ரை ரையையும் பாத்து, பத்து நிமிசம் கதைச்சு, முதல் ஓட்டம் சரி, ரெண்டாவது ஆள் திரும்பிப் போகவேணும் எண்டார். அடுத்தவன் வந்து ஆட்டமிழந்தான். மட்ச் சமன். சமன் எண்டால் அங்கை விடமாட்டினம், ஆரும் வெல்லுமட்டும் விளையாடவேணுமாம். இன்னும் ஒரு மணித்தியாலம், அதே வெயில், எல்லாரும் என்னைப் பாக்கிறது, நான் காலை நீட்டிற பிடியை மடக்கிப்போட்டுப் பள்ளிக்கூடத்துப் பெடியன் மாதிரி நுனியிலை இருக்கிறது. கடைசியிலை ஒரு ஓட்டத்தாலை தோத்தம். முதலாளியின்ரை மொட்டைத் தலை அந்தச் சம்பல் நிறத்துக்கு வந்திட்டுது. அவர் என்னோடை கதைச்சது ஒரே ஒரு வசனம்: "திங்கட்கிழமை எட்டு மணி, என்ரை அறைக்கு வா."

அவ்வளவுதான் அத்தான், முடிஞ்சுது. கடிதம் இல்லை, அன்ராக் இல்லை, பாஸ்போட் இல்லை. புஸ்பவதி நேற்றிலை இருந்து என்னோடை ரெண்டே ரெண்டு வசனம்தான் கதைச்சவள்: "எறிஞ்சது நீங்கள்" எண்டு ஒரு தரம், "ஆருக்கு எறிஞ்சியள்" எண்டு ஒரு தரம். தக்சாயினி பிறந்த செய்தி வந்த அண்டைக்கு நான் அகதி முகாமிலை பதினேழு பேருக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தனான். அவளை இண்டைவரைக்கும் படத்திலைதான் பாத்திருக்கிறன். ஒரு பந்தாலை அவளின்ரை கலியாணத்தையும் படத்திலைதான் பாக்கப்போறன். புறூக்மன் எண்ட அந்த மொட்டைக் கொம்பன்ரை முகத்திலை இனி முழிக்கமாட்டன். பொன்னாலை கதிரை செய்து போட்டாலும் அந்தப் புல்வெளிப் பக்கம் தலைவைச்சும் படுக்கமாட்டன், இது பிள்ளையார் மேலை சத்தியம்.

மனவருத்தத்தில் எழுத்துத் தடம் புரண்டிருந்தால் மன்னிக்கவும். தங்கள் இல்லத்தில் என்றும் மங்களம் நிறைந்திருக்கவும், மருமகள் பதினாறு பேறும் பெற்று வாழவும் இந்தத் தோல் உரிந்த மாமனின் ஆசிகள். அக்காவிடம் பக்குவமாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள மைத்துனன்,
சி. கனகலிங்கம்

பி.கு. (செவ்வாய்க்கிழமை): வீட்டிலை முத்திரை இல்லாததாலை கடிதம் இன்னும் போகேல்லை, கடவுள் செயல். மேலை உள்ளதை வாசிச்சவுடனை தம்பித்துரைக்கு ஏதும் சொல்லிப்போட்டியளோ? சொல்லியிருந்தால் இல்லையெண்டு சொல்லிவிடுங்கோ. நேற்று எட்டு மணிக்குப் போய், முதலாளி வாய் திறக்க முந்தி ஐஞ்சு நிமிசம் மன்னிப்புக் கேட்டன். அவர் ஒண்டும் விளங்காமல் பாத்துப்போட்டு மேசை லாச்சியைத் திறந்து ஒரு கடிதம் தந்தார். நிரந்தர வேலை. திகதியைப் பாத்தால் வெள்ளிக்கிழமை! அந்தப் பச்சைப் பண்டியைத் தின்ன முந்தியே கையெழுத்து வைச்சிட்டார், நான்தான் சோதினை எண்டு நினைச்சுத் திண்டிருக்கிறன். "பதினொரு வருசமா இந்தக் கதிரையளிலை ஆக்களைக் கூட்டிக்கொண்டு போய் இருத்திறன், எல்லாரும் எப்ப முடியும் எண்டு கேட்டுப்போட்டு நித்திரை கொண்டவை, நீ ஒருத்தன்தான் எழும்பினாய்" எண்டார். அத்தான், நான் அவரின்ரை மேசையிலை அழுதிட்டன். அவரைப் பற்றி மேலை எழுதினதுகளைக் கறுப்பு மையாலை அழிச்சுப்போட்டு அக்காவுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. அன்ராக் குடுக்கிறதுக்கு வாற கிழமை கந்தோரிலை ரேர்மின், அதுதான் நாளும் நேரமும், எடுத்திட்டன். என்ரை பேரை அழைப்பிதழிலை பெரிசாப் போடுங்கோ.

ஒரே ஒரு சின்ன விசயம். முதலாளி அந்தக் கதிரையை எனக்கே எண்டு எழுதிவிட்டார், இந்த வருசமும் வாற வருசமும், எல்லாச் சனிக்கிழமையும் ரெண்டு ரெண்டு மட்ச். பந்து எறியிற பெடியளுக்கு நான் எறிஞ்சு காட்டவேணுமாம், பயிற்சியாளர் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார். ஆவணியிலைதான் மட்ச் சூடு பிடிக்கிற நேரம் அத்தான். வாற வருசத்து அட்டவணை மார்கழியிலைதான் வருமாம். அதுவரைக்கும் கலியாண மண்டபத்தைப் பதியாதேங்கோ.