மிஸ்டர் உவன்

'வெளியிலிருந்து பெறப்பட்ட எந்த நிரலிலும், அதை ஆக்கியவரின் எழுத்துமூல அனுமதியின்றி ஒரு வரியேனும் மாற்றலாகாது.' எங்கள் பல்கலைக்கழகக் கணினிப் பிரிவின் ஏழாம் விதி இது. எழுதியவன் நான். யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே அதை மீறத் தகுதி படைத்த ஒரே மனிதன் எனக்குக் கீழே வேலை செய்தான் என்பதை இன்றும் மனவருத்தத்துடன்தான் எழுதுகிறேன்.

அவனை எல்லோரும் சிக்னல் என்பார்கள். அரியாலையிலிருந்து சைக்கிளில், பல்கலைக்கழகம் இருக்கும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்கு வருவான். ரயில்வேயில் இருந்தவன் என்று பலர் நினைத்தார்கள். அந்தப் பெயர் வந்த கதை வேறு.

எண்பத்தாறில் எங்களுக்கு ஓர் இன்டர்பிரிட்டர் வந்தது. மாணவர் எழுதும் நிரலை வரி வரியாக வாசித்து, அப்போதே செய்து காட்டும். வேறோர் இயங்குதளத்துக்காக எழுதப்பட்டதை எங்களுடையதில் ஓட்டினோம். ஓடியது. ஆனால் நிறுத்தும் விசையை அழுத்தினால் நிற்காமல் உறைந்துவிடும். கணினியை அணைத்தால் மாணவரின் வேலையும் அதோடு போய்விடும். இறுதியாண்டுச் செயற்றிட்டங்கள் முழுவதும் அதில்தான்.

நான் வெளிநாட்டில் பயிற்சி பெற்றவன். சான்றிதழ் சட்டமிட்டுச் சுவரில் தொங்கியது. மூன்று வாரம் ஆராய்ந்து, பிழை கணினியில்தான் என்று நான்கு இணைப்புகளுடன் அறிக்கை எழுதினேன். சிக்னல் வாசித்தான்.

"வடிவாய் எழுதியிருக்கிறியள் சேர்."

அறிக்கையை மடித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். இரண்டு நாள் அதை நானே திரும்பத் திரும்ப வாசித்தேன்.

மூன்றாம் நாள் காலை, தட்டெழுத்தாளரையும் அலுவலகக் கோப்புகள் பார்க்கும் இலிகிதரையும் என்னையும் தாழ்வாரத்தில் நிறுத்தினான். இன்டர்பிரிட்டர் ஒரே நேரத்தில் மூன்று இழைகளாக ஓடுகிறதாம். தட்டெழுத்தாளர் கணக்குச் செய்யும் இழை. இலிகிதர் விசைப்பலகைக்குக் காத்திருக்கும் இழை. நான் சுவர் மணிக்கூட்டைப் பார்க்கும் இழை.

"இவன் வேலை செய்யிறான். அவன் காத்துக்கொண்டிருக்கிறான்." என் பக்கம் கையை நீட்டினான். "உவன் மணி பாக்கிறான்."

உவன் என்றால் இவனுக்கும் அவனுக்கும் நடுவில் நிற்பவன்; முப்பது வருட சேவையில் என்னை யாரும் உவன் என்றதில்லை.

"நிப்பாட்டு எண்டு சிக்னல் வருது. ஆக்கினவன்ரை மெஷினிலை அது இவனிட்டைப் போகும், இவன் நிப்பான். எங்கடையிலை உவனிட்டைப் போகுது சேர். உவனுக்கு என்ன செய்யிறதெண்டு தெரியாது. எல்லாரும் உவனைப் பாத்துக்கொண்டு நிக்கினம்."

எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

உவனிடம் வந்ததை இவனிடம் கொடுக்க ஆறு வரி போதும் என்றான். நான் ஏழாம் விதியைக் காட்டினேன். அனுமதி கேட்டு ஆக்கியவருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதி வந்தான். ஆங்கிலத்தில் இவன் உண்டு, அவன் உண்டு, உவன் இல்லை. ஆகவே அந்தச் சொல்லை அப்படியே ஆங்கில எழுத்தில் போட்டிருந்தான். மாற்றுச்சொல் தேடுவதாகச் சொல்லி அதை என் மேசை லாச்சியில் பதினொரு நாள் வைத்திருந்தேன். தினமும் காலையில் வந்து கேட்பான்.

"கடிதம் போயிட்டுதோ சேர்?"

"ஆங்கிலம் பாக்கிறன்."

கடைசியில் அந்தச் சொல்லை அப்படியே விட்டு, நடைமுறைப்படி அவனுடைய பெயரை எடுத்துவிட்டு, என் கையொப்பமிட்டு அனுப்பினேன்.

பதில் வரும்வரை மாணவர் தவறி அழுத்தாதபடி, எல்லாக் கணினிகளிலும் நிறுத்தும் விசையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். நடக்கும்போது கிலுகிலுவென்று சத்தம் கேட்கும். விசை பிடுங்கலாகாது என்று விதி எழுத நான் மறந்திருந்தேன்.

மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. அனுமதி உண்டு. ஆறு வரியையும் அவர்களே தங்கள் பிரதியில் சேர்த்துவிட்டார்கள். பிழையைக் கண்டுபிடித்த மிஸ்டர் உவனுக்கு மனமார்ந்த நன்றி. அவர் பெயர் இனி எல்லாப் பிரதிகளிலும் இருக்கும். கையொப்பமிட்டவனைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஒரு கணம் யோசித்தேன். முறைப்படி பார்த்தால் தாழ்வாரத்தில் உவனாக நின்றவன் நான். சாட்சிகள் இரண்டு பேர் இருந்தார்கள்.

சிக்னல் கடிதத்தை வாசித்துவிட்டு, "உங்கடை பேர் வந்திட்டுது சேர்" என்றான். கேலி இல்லை. உண்மையாகவே சந்தோஷப்பட்டான். பிறகு பையிலிருந்த விசைகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பொருத்தப் போய்விட்டான்.

நான் உள்வரும் கடிதப் பதிவேட்டை எடுத்தேன். பெறுநர் என்ற கட்டத்தில், ஒழுங்குக்கு மாறாக, அவனுடைய முழுப் பெயரையும் என் நல்ல கையெழுத்தில் எழுதினேன். திகதி, 1987 தை 13.