பேனாவால் எழுதுகிறவன்

பேராசிரியர் டாக்டர் பிரான்ட் கரும்பலகையில் ‘98’ என்று எழுதி, அடியில் கோடும் போட்டார். லிடியா கோவாரிக் தன் விடைத்தாளில் இருந்த ஐம்பத்தொன்றைக் கையால் மூடிக்கொண்டாள். வகுப்பில் யாரோ ஒரு புண்ணியவான் தொண்ணூற்றெட்டு வாங்கித் தொலைத்திருக்கிறான்.

அந்தக் கல்லூரியில் வழக்கம் அப்படி. முதல் மதிப்பெண் எதுவோ அதுதான் அளவுகோல். அது எழுபதில் நின்றால் மற்றவர்களின் மதிப்பெண்ணும் கொஞ்சம் மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். தொண்ணூற்றெட்டில் நின்றால் ஐம்பத்தொன்று கடைசிவரை ஐம்பத்தொன்றுதான்.

டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டவர்கள் எல்லாரும் கரிம வேதியியலைத் தாண்டித்தான் ஆகவேண்டும். வருஷம் முழுக்க நடத்துகிற பாடத்தைக் கோடை விடுமுறைக்குள் திணித்திருந்தார்கள். ஒரு தும்மல் போட்டு நிமிர்வதற்குள் அரை அத்தியாயம் ஓடிவிடும். லிடியா ஏற்கெனவே ஒருமுறை கோட்டைவிட்டவள். இந்த முறையும் ‘பி’ கிரேடு வாங்காவிட்டால் மருத்துவக் கல்லூரியை மறந்துவிடும்படி ஆலோசகர் சொல்லிவிட்டார். அவள் வீடு இருக்கும் நெப்ராஸ்காவில் கோடை என்றால் அவர்கள் சோளக்காட்டில் வேலை தலைக்குமேல் இருக்கும். அவள் பங்கையும் சேர்த்து அப்பாவும் அம்மாவும் செய்துகொண்டிருந்தார்கள். அதை நினைத்தாலே அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தப் புண்ணியவான் யாரென்று கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. அன்செல் டுவைட். விடைத்தாளை வாங்கியதும் யாருக்கும் காட்டாமல் மடித்துப் பையில் போட்டவன் அவன் ஒருவன்தான். அதோடு, வகுப்பே பென்சிலும் ரப்பருமாக அழித்து அழித்து எழுதும்போது அவன் மட்டும் பேனாவால் எழுதினான். தப்பே செய்யாதவனுக்குத்தான் அந்தத் திமிர் வரும்.

"ஏம்ப்பா, நீ மட்டும் பேனால எழுதற?" என்று கேட்டே விட்டாள்.

"பென்சில்னா அழிச்சு அழிச்சுத் தாளே கிழிஞ்சுடுது."

என்ன ஒரு அடக்கம் என்று லிடியா பல்லைக் கடித்தாள். இவனைப் படிக்கவிட்டால் தன் கதை முடிந்தது என்று அன்றே தீர்மானித்தாள்.

முதலில், சந்தேகம் கேட்கிற சாக்கில் அவன் நேரத்தைத் தின்னப் பார்த்தாள். சாதாரணச் சந்தேகமாக இருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவானே. அதனால் அவனையே திணறடிக்கிற கேள்வியாகப் பொறுக்கி எடுக்க, அத்தியாயம் முழுவதையும் இவள் இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. கேள்வியைக் கேட்டதும் அவன் முகம் வெளிறும். நாளைக்குச் சொல்வதாக நழுவிவிடுவான். மறுநாள் மூன்று பக்க விடையோடு வருவான். அதில் ஓட்டை கண்டுபிடிக்க இவள் மறுபடி புத்தகத்தைப் புரட்டுவாள்.

அடுத்த தேர்வில் அவளுக்கு அறுபத்தெட்டு. பலகையில் 99.

சந்தேகம் கேட்டுக் கேட்டு அவனை இன்னும் கூர்தீட்டிவிட்டோமே என்று லிடியா நொந்துபோனாள். அடுத்ததாக, ஆய்வகத்தில் அவனோடு ஜோடி சேர்ந்துகொண்டாள். அவள் கை பட்டால் கண்ணாடிக் குடுவை உடையும் என்பது ஆய்வகம் முழுக்கத் தெரிந்த விஷயம். அவனைத் தாமதப்படுத்த அது போதும் என்று நினைத்தாள். அன்றைக்கு வாழைப்பழ வாசனை வரும் எண்ணெய் ஒன்றைத் தயாரிக்க வேண்டும். லிடியா நம்பிக்கையைக் கெடுக்காமல் குடுவையைக் கவிழ்த்தாள். எண்ணெய் இருவர் சட்டையிலும் கொட்டியது.

"பரவால்ல விடு. மறுபடி செஞ்சுக்கலாம்" என்றான் அன்செல், சந்தோஷமாகவே. மறுபடி செய்ததில் இருவருக்கும் அந்தப் பாடம் மனப்பாடமே ஆகிவிட்டது.

மறுநாள் தேர்வு. அன்று சாயங்காலமே மாவட்டச் சந்தைத் திருவிழாவுக்கு அவனை இழுத்துக்கொண்டு போனால் புத்தகத்தைத் தொடமாட்டான் என்று கணக்குப் போட்டு, லிடியா மெல்லப் பேச்செடுத்தாள். அவள் முடிக்கும் முன்பே அவன் தன் குட்டி லாரியின் சாவியைக் கையில் எடுத்திருந்தான்.

"நீ ரொம்பப் படிக்கற. கொஞ்சம் காத்து வாங்கணும், உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்றான்.

அவளைப் பற்றி அப்படிக் கவலைப்பட்டவர்கள் வீட்டுக்கு வெளியே யாரும் இல்லை. லிடியாவுக்கு உள்ளுக்குள் உறுத்தியது. ஆனாலும் லாரியில் ஏறிக்கொண்டாள்.

சட்டை மாற்ற வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. திருவிழாவில் தேன் விற்கிற கடைக்காரர் கூட்டைத் திறந்து வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தார். அந்த வாழைப்பழ வாசனைக்குத் தேனீக்களின் பாஷையில் ‘எதிரி வந்துவிட்டான், கொட்டுங்கள்’ என்று பொருள். பாடப்புத்தகத்திலேயே பெட்டிச் செய்தியாகப் போட்டிருந்தார்கள். தேர்வுக்கு வராது என்று இருவரும் அதைப் படிக்காமல் விட்டிருந்தார்கள்.

ஓடிய ஓட்டத்தில் பன்றிக் கொட்டகைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். பன்றி நாற்றம் வாழைப்பழத்தை அமுக்கும்வரை வெளியே தலைகாட்ட வேண்டாம் என்று தேன்காரர் வெளியிலிருந்து கத்தினார். லிடியாவுக்குக் காது வீங்கியிருந்தது, அன்செலுக்கு மூக்கு. வேறு வேலை இல்லாததால், பன்றிகளின் எடை எழுதிய பலகையைத் துடைத்துவிட்டு, அந்த எண்ணெய் எப்படி உருவாகிறது என்று சாக்கட்டியால் போட்டுப் பார்த்துச் சண்டை பிடித்தார்கள். அவன் ஒரு அம்புக்குறி போட்டால் இவள் அழித்தாள். இவள் போட்டதை அவன் அழித்தான். கடைசியில் சரியாக வந்தபோது இருவரும் சிரித்த சிரிப்பில் ஒரு பன்றி எழுந்து இடம் மாறிப் படுத்தது.

தேர்வில் அதே கேள்வி. அவளுக்கு எண்பத்திரண்டு. பலகையில் 100.

அதற்குப் பிறகு அவனைக் கெடுக்கும் எண்ணம் லிடியாவுக்கு விட்டுப்போனது. பழக்க தோஷத்தில் கேள்விகள் மட்டும் நிற்கவில்லை. இறுதித் தேர்வு முடிந்து ‘ஏ’ கிரேடு என்று தெரிந்ததும், வீட்டுக்குப் போன் செய்து அழுதாள். அம்மாவும் அழுதாள். அப்பா போனை வாங்கி, சோளம் நன்றாக வந்திருப்பதாகச் சொல்லிவிட்டு, அவரும் மூக்கை உறிஞ்சினார்.

இத்தனையும் அன்செல் போட்ட பிச்சை என்று அவளுக்குத் தோன்றியது. கெடுக்கப் போனவளுக்கு முகம் சுளிக்காமல் பாடம் சொல்லித் தந்தவன். அன்று முழுவதும் அடுப்படியில் நின்று செர்ரிப் பழம் பொதிந்த ‘பை’ என்கிற பலகாரம் ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு, குடுவைகளைத் திருப்பி ஒப்படைக்க ஆய்வகத்துக்குப் போனாள். அங்கே பிரான்டுக்கு உதவியாக இருக்கும் ஆராய்ச்சி மாணவி வின்னி, உடையாமல் மிஞ்சியதை எண்ணிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஏற்கெனவே பீச் பழம் பொதிந்த ‘பை’ ஒன்று ஆறிக்கொண்டிருந்தது.

"வின்னி, இதை அன்செல்கிட்ட சேத்துடறீங்களா? முதல் மார்க் வாங்கறவன். அவன் இல்லன்னா நான் டாக்டரா ஆகறதை நெனச்சே பாத்திருக்க முடியாது."

வின்னி எண்ணுவதை நிறுத்திவிட்டு, பீச் பலகாரத்தை அவள் பக்கம் தள்ளினாள்.

"முதல் மார்க் நாந்தாம்மா. நேரம் போதுமான்னு பாக்க சார் என்னையும் பரீட்சை எழுத வைப்பாரு. பலகையில போடறது என் மார்க்தான், அது உங்க கிரேடு கணக்குல சேராது. இது உனக்கு. ‘முதல் மார்க் வாங்கற லிடியாகிட்ட குடுங்க, அவளைப் படிக்கவிடாம பண்ணத்தான் திருவிழாவுக்கெல்லாம் கூட்டிட்டுப் போனேன், மன்னிச்சுக்கச் சொல்லுங்க’ன்னு அன்செல் இப்பதான் வெச்சுட்டுப் போறான்."